பொதுப் பட்டறைக்கு இயந்திரம் வேண்டாம், குத்தகை ஒப்பந்தம் தாருங்கள்: ஒரு திறந்த மடல்

திருகோணமலை நகரை நிருவகிக்கும் உள்ளூராட்சி மன்றத்தின் மதிப்புக்குரிய தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். பொதுமக்கள் தம் கைகளாலேயே பொருள்களைச் செய்யவும் பழுதுபார்க்கவும் கூடிய பொதுப் பட்டறை ஒன்று, பிற நாடுகளில் மேக்கர்ஸ்பேஸ் என்று அழைக்கப்படும் வகையில், நம் நகரிலும் அமைய வேண்டும் என்ற பேச்சு அண்மைக் காலமாக எழுந்துள்ளது. வார இறுதிகளில் ஒருவர் வீட்டு விறாந்தையில் கூடி மின்விசிறி, நீர்ப்பம்பி, தையல் இயந்திரம் ஆகியவற்றைப் பழுதுபார்த்துப் பழகிவரும் எங்களுக்கு இதைவிட மகிழ்ச்சியான செய்தி இல்லை. ஆயினும் முப்பரிமாண அச்சுப்பொறி எத்தனை வாங்குவது, லேசர் வெட்டும் இயந்திரத்தை எந்த நாட்டிலிருந்து தருவிப்பது, திறப்பு விழாவுக்கு யாரை அழைப்பது என்ற திசையில் அப்பேச்சு போய்க்கொண்டிருப்பது கவலை தருகின்றது. மன்றத்திடம் நாங்கள் வேண்டுவது ஒன்றே: பயன்பாடின்றிக் கிடக்கும் பொதுக் கட்டடம் ஒன்றை நீண்ட தவணைக்கு, எழுத்திலான குத்தகை ஒப்பந்தத்துடன், நாங்கள் கட்டக்கூடிய வாடகைக்குத் தாருங்கள். இலவசமாகவேனும் தர முன்வரும் மன்றத்திடம் வாடகை கட்டுகிறோம் என்று ஏன் சொல்ல வேண்டும் என்பதற்கு இத்தகைய பட்டறைகளின் வரலாற்றிலேயே விடை உண்டு.

உள்ளூராட்சி மன்றம் ஒன்று இம்முயற்சியில் இறங்குவது புதிதன்று. விமானப் பாகங்கள் செய்த இங்கிலாந்தின் லூக்காஸ் ஏரோஸ்பேஸ் நிறுவனத்தில் ஆட்குறைப்பு அச்சம் நிலவிய 1970களில், அங்கிருந்த தொழிற்சங்கப் பிரதிநிதிகள், படைத்துறைக்கான உற்பத்திக்குப் பதிலாகத் தம் தொழில்திறனைக் கொண்டு சமூகத்துக்குப் பயன்படும் எவற்றையெல்லாம் செய்யலாம் என்று ஆராய்ந்து, 1976 இல் மாற்றுத் திட்டமொன்றை முன்வைத்தார்கள். சிறுநீரக நோயாளருக்கான இயந்திரம், வெப்பப் பம்பி முதலியன அதில் இடம்பெற்றிருந்தன. நிருவாகம் அதனை ஏற்கவில்லை. முன்னணியில் நின்ற பொறியியலாளர் மைக் கூலி 1981 இல் வேலைநீக்கம் செய்யப்பட்டார். அவர் பின்னர் பெருநகர இலண்டன் மன்றத்தின் தொழில்முயற்சிச் சபையில் சேர்ந்தார். அச்சபை 'தொழில்நுட்ப வலையமைப்புகள்' என்ற பெயரில் பொதுப் பட்டறைகளைத் திறந்தது. வேலையிழந்தோரும், அயலில் வாழ்ந்தோரும், பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தோரும் ஒரே இடத்தில் கூடிப் பொருள்களை வடிவமைப்பதே அவற்றின் நோக்கமாக இருந்தது. இன்றைய மேக்கர்ஸ்பேஸ்களுக்கு இவற்றையே முன்னோடி என்று நாங்கள் கருதுகின்றோம். ஆனால் 1986 மார்ச் 31 உடன் தாட்சர் அரசாங்கம் அம்மன்றத்தையே இல்லாதொழித்தது. ஆதரவு அற்றுப்போன பட்டறைகளும் நாளடைவில் ஓய்ந்தன. அம்மன்றத்தின் நல்லெண்ணத்தில் குறை சொல்ல முடியாது. பட்டறையின் ஆயுளை மன்றத்தின் ஆயுளோடு சேர்த்துக் கட்டியதுதான் வினையாயிற்று. 2023 மார்ச்சில் காலம் முடிந்த நம் நாட்டு உள்ளூராட்சி மன்றங்களுக்கு 2025 மே மாதத்தில்தான் தேர்தல் நடந்தது என்பதையும், கிழக்கு மாகாண சபை 2017 முதல் மக்கள் பிரதிநிதிகள் இன்றியே இருந்துவருகின்றது என்பதையும் அறிந்த உங்களுக்கு இதனை மேலும் விரித்துரைக்கத் தேவையில்லை.

தனியார் மூலதனத்தை நம்பிய வழியும் இதே இடத்தில்தான் சென்று முட்டியது. அமெரிக்காவில் 2006 இல் தொடங்கிப் பல நகரங்களுக்குப் பரவிய டெக்ஷொப் என்ற பட்டறை நிறுவனம், விலையுயர்ந்த இயந்திரங்களை வரிசையாக நிறுத்தி வைத்திருந்தும், 2017 நவம்பரில் திடீரெனக் கதவுகளை மூடி முறிவடைந்தது.

இவற்றோடு ஒப்பிட்டால், பெர்லினில் 1995 இல் தொடங்கப்பட்ட சி-பேஸ் பட்டறையின் கதை எளிமையானது. சேர்ந்தவர்கள் மாதச் சந்தா கட்டினார்கள், தாங்களே கூட்டித் துடைத்தார்கள், தாங்களே முடிவெடுத்தார்கள். வியன்னாவில் 2006 இல் உருவான மெட்டாலாப் பட்டறையும் உறுப்பினர்களாலேயே நடத்தப்பட்டது. 2007 கோடையில் பெர்லினுக்கு அருகே நடந்த கணினி ஆர்வலர் முகாமுக்கு வந்த அமெரிக்கர்கள் இந்த நடைமுறையைக் கண்டு வியந்து ஊர் திரும்பினார்கள், நியூயோர்க்கின் என்.வை.சி. ரெசிஸ்டர், சான் பிரான்சிஸ்கோவின் நொய்ஸ்பிரிட்ஜ் ஆகிய பட்டறைகள் அதன் பின்னரே தோன்றின. அவர்கள் கொண்டு சென்றது இயந்திரங்களின் பட்டியலை விட, ஒரு பட்டறையை எப்படி நடத்துவது என்ற அனுபவத்தையே. ஜேர்மன் நண்பர்கள் அதனைக் குறிப்புகளாகவே தொகுத்து வைத்திருந்தார்கள். சமையலறை கட்டாயம் வேண்டும், வாரந்தோறும் கூட்டம் வேண்டும், எந்த நாள் என்று இணக்கம் வராவிட்டால் செவ்வாய்க்கிழமையை வைத்துக்கொள்ளுங்கள் என்றெல்லாம் அவற்றில் எழுதியிருக்கின்றது. செவ்வாயில் புதுக் காரியம் தொடங்க எங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஒருநாளும் சம்மதிக்கமாட்டார்கள். வெள்ளியில் கோயிலும் ஜும்ஆவும், ஞாயிறு காலையில் அறநெறி வகுப்பும் ரியூசனும் உண்டு. ஆகவே ஞாயிறு மாலையே நம் ஊருக்குப் பொருந்தும். சமையலறை பற்றிய குறிப்பை மட்டும் மாற்றமின்றி ஏற்றுக்கொள்கின்றோம். பிளேன்ரீ இல்லாத இடத்தில் எவரும் இரண்டாம் முறை வரமாட்டார்கள்.

இயந்திரங்களைப் பற்றியும் ஒரு சொல். இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் போயர் 2005 இல் தொடங்கிய ரெப்ராப் என்ற திறந்த வடிவமைப்பு அச்சுப்பொறித் திட்டமும், முக்கியமான காப்புரிமை ஒன்று 2009 இல் காலாவதியானதும் முப்பரிமாண அச்சுப்பொறியைச் சாதாரண மக்களின் கைக்கு எட்டச் செய்தன. ரெசிஸ்டர் உறுப்பினர்கள் அதே ஆண்டில், அத்தகைய அச்சுப்பொறிகளை விற்கும் மேக்கர்பொட் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அன்று வியப்பூட்டிய அந்த இயந்திரங்கள் இன்று பழசாகிவிட்டன. இன்று பெருந்தொகை கொடுத்து வாங்குவதற்கும் இதே கதிதான்.

நம் நகருக்கு மிக நெருக்கமான முன்மாதிரி, மார்ட்டீன் போஸ்ட்மா என்பவர் 2009 ஒக்டோபரில் அம்ஸ்ரர்டாமில் தொடங்கிய பழுதுபார்ப்புக் கூடல் என்றே எண்ணுகின்றோம். பொருளைக் கொடுத்துவிட்டுப் போகும் கடை போலன்றி, பொருளுக்குரியவரும் தொண்டரும் அருகருகே அமர்ந்து அதனைத் திறந்து பார்க்கும் ஏற்பாடு அது. 2022 இல் உதிரிப்பாகம் கிடைக்காமல், மணிக்கணக்கான மின்வெட்டுக்கிடையே, மண்ணெண்ணெய் இன்றிப் படகுகள் கரையில் கிடந்த காலத்தில், இருப்பதை வைத்துச் சரிசெய்யத் தெரிந்தவர்களின் அருமை நம் எல்லோருக்கும் விளங்கியது. அத்தகையோர் இந்நகரில் குறைவில்லை. பிரித்தானியக் கடற்படை 1957 இல் வெளியேறும்வரை அதன் தளத்துப் பட்டறைகளில் தொழில் பழகியவர்களின் கைத்திறன், பிள்ளைகள் வழியாகவேனும் இங்கே தங்கியிருக்கின்றது. சீனக்குடாவின் ஆலைகளில் இருந்து ஓய்வுபெற்ற கடைசல்காரரும் மின்னிணைப்பாளரும் வீட்டில் இருக்கின்றார்கள். படகின் வெளியிணைப்பு இயந்திரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டக்கூடியவர்கள் கிண்ணியாவிலும் மூதூரிலும் உண்டு. அவர்களிடம் கற்க விரும்பும் மாணவருக்கும், தமிழ், முஸ்லிம், சிங்கள அயலவருக்கும், பகலில் வேலைக்குப் போகும் பெண்களுக்கும் மாலையில் திறந்திருக்கும் ஓர் இடம்தான் இல்லை.

நிருவாக வடிவத்தையும் எங்கும் கடன் வாங்கத் தேவையில்லை. சனசமூக நிலையங்கள் பதிவும் யாப்பும் ஆண்டுப் பொதுக்கூட்டமும் கணக்கறிக்கையும் கொண்டு, சம்பளமின்றி உழைப்போரால் நடத்தப்பட்டு வந்தமை நீங்கள் அறிந்ததே. பட்டறையையும் அவ்வாறே பதிவுசெய்ய நாங்கள் ஆயத்தமாக உள்ளோம்.

விபத்து நேர்ந்தால் பொறுப்பு யாருடையது என்று மன்ற உறுப்பினர்கள் கேட்கக்கூடும், நியாயமான கேள்வி. வெட்டும், துளையிடும், உருக்கி ஒட்டும் கருவிகளைப் பயிற்சி பெற்று ஏட்டில் பெயர் பதிந்தவர் மட்டுமே தொடலாம் என்ற விதியையும், தீயணைப்புச் சாதனங்களையும், காப்புறுதியையும் ஒப்பந்தத்தின் நிபந்தனைகளாகவே சேர்த்துக்கொள்ளுங்கள். வாடகை தவறினால் வெளியேற்றும் உரிமையும் உங்களிடமே இருக்கட்டும். அதற்குப் பதிலாக, மன்றம் மாறினாலும் தவணை முடியும்வரை ஒப்பந்தம் மாறாது என்ற உறுதியையும், திறப்புகள் பட்டறையின் தொண்டர்களிடமே இருக்கும் என்ற இணக்கத்தையும் எழுத்தில் வேண்டுகின்றோம். இயந்திரங்களுக்கென நிதி ஏதும் ஒதுக்கியிருந்தால், அதனைக் கூரை திருத்தவும், மின்னிணைப்பைப் பாதுகாப்பாகப் புதுப்பிக்கவும், சக்கர நாற்காலி ஏறும் சாய்தளம் அமைக்கவும் செலவிடுங்கள். கருவிகளை நாங்கள் சிறுகச் சிறுகச் சேர்த்துக்கொள்வோம்.

இவ்விடயத்தை மன்றத்தின் அடுத்த அமர்வின் நிகழ்ச்சி நிரலில் சேர்த்து, பயன்பாடற்ற கட்டடங்களின் விபரத்தைப் பகிரங்கப்படுத்துமாறும், எங்கள் தரப்பை நேரில் முன்வைக்க நேரம் ஒதுக்கித் தருமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கின்றோம்.

இங்ஙனம்,
வார இறுதிப் பழுதுபார்ப்புத் தொண்டர்கள்,
திருகோணமலை.