கம்பியில்லா மின்சாரமும் கிரான் பாசானும்

ஆசிரியர் அவர்களுக்கு,

நம் ரீயூனியன் தீவில் சாலை எட்டாத கிரான் பாசான் கிராமத்துக்கு 700 மீட்டர் தொலைவிலிருந்து நுண்ணலையில் (மைக்ரோவேவ்) 10 கிலோவாட் மின்சாரம் அனுப்பும் திட்டத்தை ரீயூனியன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1990-களிலேயே வகுத்தார்கள். நடக்காத காரியமல்ல, 1975இல் கலிபோர்னியாவின் கோல்ட்ஸ்டோனில் ஒன்றரைக் கிலோமீட்டர் தாண்டி 30 கிலோவாட்டுக்கு மேல் கிடைத்தது.

சிக்கல், அலை விரிவதில்தான். 2.45 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 12 சென்டிமீட்டர்; 700 மீட்டருக்கே இரு முனையிலும் சுமார் 14 மீட்டர் விட்டமுள்ள ஆன்டெனா வேண்டும். தூரம் இரட்டித்தால் இரண்டின் பரப்பும் இரட்டிக்கும். நுண்ணலையை உண்டாக்கும் மேக்னட்ரான், அலைக் கற்றை, அதை மீண்டும் மின்சாரமாக்கும் ஆன்டெனாவான ரெக்டென்னா என வழியெங்கும் இழந்து ஏறக்குறைய பாதிதான் மிஞ்சும். ஏற்கும் இடத்தில் சதுர மீட்டருக்கு 70 வாட் அளவு விழும். பொதுமக்களுக்கான பன்னாட்டு வரம்பு 10 வாட். ஆகவே வேலி கட்டாயம். புயலில் ஆன்டெனா சற்றே திரும்பினாலும் கற்றை விலகிவிடும். இன்றைய நிலையில், நம் தீவின் மஃபாத் பள்ளத்தாக்கில் இருப்பதுபோல் சூரியத் தகடும் பேட்டரியுமே மேல் என்பேன்.

மின்பொறியாளர் ஒருவர்,
சேன் பியேர், ரீயூனியன்