தம்பி, அந்த வொலட்டைத் திறக்க முதல்

அன்புள்ள தம்பி,

நேற்று கோலில் அவசரமாகச் சொல்லிப்போட்டு வைத்துவிட்டாய், அதனால்தான் எழுதுகிறேன். 'பிட்கொயின் வைத்திருக்கிற வொலட் மென்பொருள் பிட்கொயின் கோரின் புது வெர்ஷன் இறக்கினேன், ஹாஷ் சரி' என்றாய். ஹாஷ் என்பது கோப்பிலிருந்து கணக்கிடுகிற எழுத்துக்கோவை, கோப்பு மாறினால் அதுவும் மாறும். எதோடு ஒப்பிட்டாய்? கோப்பை எடுத்த அதே பக்கத்தில் கிடந்த 64 எழுத்துகளோடுதானே! தளத்துக்குள் புகுந்து கோப்பை மாற்றுகிறவன் பக்கத்திலிருக்கும் ஹாஷை மட்டும் விட்டுவைப்பானா? காணி விற்க வந்தவன் காட்டுகிற உறுதியை, அவனே கொண்டுவந்த பிரதியோடு ஒப்பிட்டு இங்கே யாரும் காணி வாங்குவதில்லை, பதிவகத்துக்குப் போய்த்தான் பார்ப்பார்கள்.

2019 நவம்பரில் மொனேரோ என்கிற இன்னொரு கிரிப்டோ நாணயத்தின் சொந்தத் தளத்திலேயே வொலட் கோப்பை மாற்றிவைத்திருந்தார்கள். ஹாஷ் பொருந்தவில்லை என்று ஒருவர் கவனித்ததால்தான் வெளியே வந்தது. அன்றைக்கு ஹாஷ் மாறாமல் இருந்தது நல்லகாலம், அதை நம்பி நீ இருக்காதே. அதற்கு முந்தின வருட டிசம்பரில், எலெக்ட்ரம் என்கிற பிட்கொயின் வொலட்டுக்குள்ளேயே 'அப்டேட் செய்யுங்கள்' என்று போலிச் செய்தி வந்து, இணைப்பை அமத்தினவர்கள் காசை இழந்தார்கள்.

அதனால் வெளியிட்டவர்கள் போட்ட டிஜிட்டல் கையொப்பத்தைப் பார். ஹாஷ் பட்டியலோடு 'ஏஎஸ்சி' (.asc) என்று முடிகிற கையொப்பக் கோப்பும் வரும், இரண்டையும் இறக்கி, கையொப்பம் சோதிக்கிற ஜிபிஜி (GPG) மென்பொருளில் சோதி. 2021இல் வந்த 22.0 வெர்ஷனிலிருந்து ஒருவர் அல்ல, பலர் தனித்தனியாக அதே மூலநிரலிலிருந்து கோப்பைக் கட்டி, ஒரே பைட்டுகள் வருகிறதா என்று பார்த்து அந்தப் பட்டியலில் கையொப்பமிடுகிறார்கள், எனக்குப் பிடித்த ஏற்பாடு இதுதான். கையொப்பத்தைச் சோதிக்கத் தேவையான அவர்களுடைய பொதுச் சாவிகளை, மூலநிரல் வைக்கிற தளமான கிட்ஹப்பில் guix.sigs என்ற களஞ்சியத்தில் எடு. ஒவ்வொரு சாவிக்கும் அடையாளமான 40 எழுத்துக் 'கைரேகையையும்' வேறோர் இடத்திலும் பார்த்துக்கொள், கடைசி எட்டு எழுத்து மட்டும் பொருந்தினால் போதாது, அதைப் போலியாகச் செய்யலாம்.

'நல்ல கையொப்பம்' என்று வந்து, அதற்குக் கீழே 'இந்தச் சாவி நம்பிக்கையானதென்று யாரும் உறுதிசெய்யவில்லை' என்று எச்சரிக்கும், பயப்படாதே. நீ அந்தச் சாவியை இன்னும் உறுதிப்படுத்தவில்லை என்பதுதான் அதன் அர்த்தம், கைரேகையைப் பார்க்கச் சொல்வதும் அதற்காகத்தான். கையொப்பம் சரியானதும் அங்கேயே நிறுத்திவிடாதே, அந்தப் பட்டியலில் உள்ள ஹாஷும் உன் கோப்பின் ஹாஷும் ஒன்றா என்று கட்டாயம் பார், நிறையப் பேர் விடுகிற இடம் இது.

பொருந்தாவிட்டால் கோப்பை அழி. ஏற்கெனவே திறந்திருந்தால் அந்தக் கொம்பியூட்டரையே நம்பாதே, வேறொன்றில் புது வொலட் திறந்து காசை அங்கே மாற்று.

ஜிபிஜி காட்டினதை ஸ்கிரீன்ஷொட் எடுத்து எனக்கு வட்ஸ்அப்பில் போடு. அப்பா ஒடியல் மா அனுப்ப விலாசம் கேட்கிறார், அதையும் சேர்த்து அனுப்பு.

அம்மா