ஒரே கோஸ், பதினைந்து நாள்

எக்டர்டிங்கன், ஸ்டுட்கார்ட் அருகில், ஜெர்மனி
26.10.2025, ஞாயிறு

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். நீயும் அப்பாவும் அக்கா வீட்டில் எல்லோரும் நலம்தானே? போனில் நான் கத்த, உனக்குப் பாதி கேட்காமல், கேட்டதுபோல் நீ தலையாட்டுவதை வீடியோவில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அதனால்தான் கடிதம். எதிர்வீட்டு அத்தையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லாதே. கண்ணாடி போட்டுக்கொண்டு நீயே படி. அப்பாவைப் பற்றியும் நடுவில் நாலு வரி இருக்கிறது.

இன்று அதிகாலை இங்கே எல்லாக் கடிகாரத்தையும் ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிட்டார்கள். குளிர்காலக் கணக்கு. நேற்று வரை நமக்குள் மூன்றரை மணி நேர வித்தியாசம், இனி மார்ச் கடைசி வரை நாலரை. நீ ஒன்பது மணி சீரியல் முடிந்து கூப்பிட்டால் நான் ஆபீசில் இருப்பேன். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு.

போன வாரம் "என்னடா சமைக்கிறாய்?" என்று கேட்டாய். "கோஸ்" என்றேன். "காசு அனுப்பணுமா?" என்றாய். காசு இல்லை அம்மா, கோஸ். முட்டைக்கோஸ். பதினைந்து நாளாக அதுதான், அதுவும் ஒரே ஒரு கோஸ்.

சிரிக்காதே. கோஸ் என்றால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தவன்தான் நான். யார் மேல் தப்பு? மண்டியில் விலை விழுந்த வாரமெல்லாம் நம் வீட்டில் கோஸ். ஒட்டன்சத்திரம் முழுக்க லாரி லாரியாக வந்து இறங்கி, கேட்க ஆளில்லாமல் கிடக்கும். அப்பா கணக்கு முடித்துவிட்டு டிவிஎஸ் 50-யின் முன்னால் ஒரு சாக்கு மூட்டையை வைத்துக்கொண்டு வருவார். வண்டிச் சத்தத்தோடு அந்தச் சாக்கைப் பார்த்தாலே அக்காவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வோம். "சும்மா கொடுத்தாங்க" என்பார். அது சும்மா கொடுத்தது இல்லை, சம்பளத்துக்குப் பதில் கொடுத்தது என்று நான் காலேஜ் போன பிறகுதான் சொன்னாய்.

சரி, இந்த ஊருக்கு வருகிறேன். விமான நிலையம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. ஓடுபாதைக்கு வேலி, வேலிக்கு அந்தப்பக்கம் கோஸ் வயல். ஸ்டுட்கார்ட்டுக்குத் தெற்கே உள்ள இந்த மேட்டு நிலத்துக்கு ஃபில்டர் என்று பெயர். அந்தக் காலத்தில் காற்று அள்ளிக்கொண்டு வந்து கொட்டிய மண்ணாம், மாவு மாதிரி மிருதுவாக இருக்கும். விமான நிலையத்துக்கும் கண்காட்சி வளாகத்துக்கும் போனதுபோக மிச்ச நிலத்தில் இன்னும் விவசாயம் நடக்கிறது. இங்கே விளையும் கோஸ் நம்மூர் மாதிரி உருண்டை இல்லை. பம்பரத்தைத் தலைகீழாக நிறுத்தியதுபோல மேலே கூர்மையாக இருக்கும். இலை மெல்லிசு, நரம்பு தெரியாது. 1772-லேயே இங்கிருந்த பாதிரியார் ஒருவர் இதைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். பழனி பஞ்சாமிர்தத்துக்கு 2019-ல் புவிசார் குறியீடு கொடுத்தார்களே, அதே மாதிரி இந்தக் கூர்க் கோஸுக்கு 2012-ல் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் தொழிற்சாலை மெஷினுக்கு உருண்டைக் கோஸ்தான் தோதாக இருக்கிறது. நடுத்தண்டைக் குடைந்தெடுக்கும் மெஷினில் கூர்க் கோஸ் சரியாக உட்காராதாம். அதனால் இதைப் பயிரிடுகிறவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். அப்பாவிடம் சொல், மெஷினுக்குப் பொருந்தாத சரக்குக்கு எந்த ஊரிலும் இதே கதிதான்.

அக்டோபர் 11, சனிக்கிழமை. சைக்கிளில் போகிற வழியில் வயலோரம் ஒரு கொட்டகை. உள்ளே கோஸ் அடுக்கி வைத்திருந்தது, பக்கத்தில் ஒரு தகர உண்டியல். ஆளே இல்லை. காசை உண்டியலில் போட்டுவிட்டு எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான். ஐந்து யூரோ போட்டேன், கிட்டத்தட்ட ஐந்நூறு ரூபாய். இதையும் அப்பாவிடம் சொல், ஆனால் அவர் உட்கார்ந்திருக்கும்போது சொல்.

கோஸைக் கைக்குழந்தை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு படியேறும்போது கீழ்வீட்டுப் பாட்டி பார்த்துவிட்டார். இந்தப் பகுதியில் ஒரு வழக்கம் இருக்கிறது. வாரம் ஒரு குடித்தனம் மாடிப்படியைக் கூட்டித் துடைக்க வேண்டும். யார் முறையோ அவர்கள் கதவில் ஒரு அட்டை தொங்கும். வந்த புதிதில் நான் அதை விளம்பரம் என்று நினைத்துத் திருப்பி மாட்டிவிட்டேன். அதற்குப் பாட்டியிடம் வாங்கிய திட்டில்தான் எங்கள் பழக்கமே ஆரம்பித்தது. எண்பது வயதிருக்கும். கோஸைத் தட்டிப் பார்த்தார், நீ தேங்காயைத் தட்டுவாயே அப்படி. தன் தராசில் வைத்தார். நாலு கிலோ அறுநூறு. "உன் வீட்டில் எத்தனை பேர்?" என்றார். ஒரு விரலைக் காட்டினேன்.

மறுநாள் காலை அவர் சமையலறையில் பாதிக் கோஸ் போயிற்று. சவர்க்கிராவ்ட் போட்டோம். புளிக்கவைத்த கோஸ் என்று வைத்துக்கொள். ஒரு முழ நீளப் பலகை, நடுவில் சாய்வாக மூன்று கத்தி. அதன்மேல் கோஸைத் தேய்த்தால் கீழே நூல் நூலாக விழுகிறது. உன் அரிவாள்மனை தோற்றது. இரண்டு கிலோ கோஸுக்கு நாற்பது கிராம் கல்லுப்பு, அவ்வளவுதான். தண்ணீர் கிடையாது, வினிகர் கிடையாது. பாட்டி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பிசைந்தார். முதலில் மொறமொறவென்று சத்தம் வந்தது. ஐந்து நிமிடத்தில் சத்தம் அடங்கி, கோஸ் ஈரத்துணி மாதிரி துவண்டது. பத்து நிமிடத்தில் பாத்திரத்தின் அடியில் கோஸே விட்ட தண்ணீர் நின்றது. அதை மண்ஜாடியில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, முஷ்டியால் குத்திக் குத்திக் காற்றை வெளியேற்றி, மேலே கல்லை வைத்தார். எல்லா இழையும் அந்தத் தண்ணீருக்குள் மூழ்கியிருக்க வேண்டும், ஒன்று மேலே நீட்டிக்கொண்டிருந்தாலும் பூசணம் பிடிக்கும். ஜாடியின் வாயைச் சுற்றி ஒரு பள்ளம், அதில் தண்ணீர் ஊற்றி மூடியைக் கவிழ்த்தோம். உள்ளே உண்டாகும் வாயு குமிழியாக வெளியே போகும், வெளிக்காற்று உள்ளே வராது. புளிக்கவைப்பது யார் என்று நினைக்கிறாய்? உன் இட்லி மாவைப் பொங்கவைக்கிற அதே கூட்டத்து நுண்ணுயிர்கள்தான்.

இதையெல்லாம் விட இன்னொன்று. பாட்டி கோஸின் நடுத்தண்டை வெட்டித் தூரப் போடவில்லை. தோலைச் சீவி, வில்லை வில்லையாக நறுக்கி, உப்பைத் தூவி என்னிடம் நீட்டினார். சின்ன வயதில் கோஸ் அரியும் நாளில் பிள்ளைகளுக்குத் தண்டுதான் கூலி என்றார். நான் ஒன்றும் பேசவில்லை. நீ மிளகாய்ப்பொடியும் சேர்ப்பாய், அது ஒன்றுதான் குறை.

மிச்சமிருந்த கோஸை நானே பார்த்துக்கொண்டேன். முதல் நாள் பொரியல், உன் கணக்குப்படியே. கடுகு, உளுத்தம்பருப்பு, வரமிளகாய், ஊறவைத்த பாசிப்பருப்பு ஒரு கைப்பிடி, கடைசியில் தேங்காய். இந்தக் கோஸ் ஐந்தே நிமிடத்தில் வெந்துவிடுகிறது. பத்து நிமிடம் விட்டால் அந்த வாடை கிளம்பிவிடும். கோஸில் கந்தகச் சத்து இருக்கிறது, வேகவேக அதுதான் நாறும். நம் வீட்டுக் கோஸ் சாம்பார் ஏன் எனக்குப் பிடிக்காது என்று இப்போது புரிகிறது. கோபித்துக்கொள்ளாதே, பருப்போடு சேர்த்து நாலு விசில் விட்டால் எந்தக் கோஸும் தாங்காது.

அப்புறம் கூட்டு. அதற்கு மறுநாள் ரசம் வைத்தபோது ஒரு கூத்து நடந்தது. கடையில் க்யூமெல் என்று ஒரு பாக்கெட். பார்க்க அச்சு அசலாகச் சீரகம். வாங்கி வந்து மிளகோடு தட்டிப் போட்டேன். கொதித்ததும் வீடு முழுக்க பேக்கரி வாசனை. ரசத்தை வாயில் வைத்தால் ரொட்டி மாதிரி இருக்கிறது! இங்கே கம்பு மாவு மாதிரிக் கறுப்பாக ஒரு மாவில் ரொட்டி சுடுவார்கள், அதில் போடுகிற சாமான் அது. நம் சீரகத்துக்கு இங்கே க்ரோய்ட்ஸ்க்யூமெல் என்று பெயராம். அந்தப் பாக்கெட்டைத் தூக்கிப் போடப் போனேன், பாட்டி தடுத்தார். "கோஸுக்கு அதுதான் போடணும், இல்லையென்றால் வயிறு உப்பும்" என்றார். நீ பெருங்காயம் போடுகிற அதே நியாயம். அதனால் அடுத்த நாள் அவர் சொன்னபடி பச்சைக் கோஸைப் பொடியாக அரிந்து, உப்புப் போட்டுக் கசக்கி, வினிகரையும் சூடான காய்கறி வேகவைத்த தண்ணீரையும் ஊற்றி, எண்ணெயும் அந்த க்யூமெலும் கலந்து ஒரு மணி நேரம் ஊறவிட்டேன். தயிர்ப்பச்சடிக்கு இது ஈடு இல்லை. ஆனாலும் மதியம் தீர்ந்துவிட்டது.

தீபாவளி திங்கட்கிழமை வந்ததால் எனக்கு லீவு இல்லை. அதற்கு முந்தின சனி ஞாயிறு இந்த ஊரில் கோஸ் திருவிழா. தெருவெல்லாம் கடை, எங்கே பார்த்தாலும் பெரிய வட்டச் சட்டியில் புளித்த கோஸும், உருளைக்கிழங்கு மாவில் சுண்டுவிரல் மாதிரி உருட்டி வேகவைத்ததும் சேர்ந்து வெண்ணெயில் வறுபடுகிறது. ஷுப்ஃப்நூடல்ன் என்பார்கள். பெரும்பாலும் பன்றிக்கறித் துண்டும் போடுவார்கள், நான் கேட்டுக் கேட்டு அது இல்லாத கடையைப் பிடித்தேன். ஓரம் முறுகி, உள்ளே மெத்தென்று, நடுவே புளிப்பு. கோஸைக் காசு கொடுத்து வாங்கி, இன்னொரு தட்டும் கேட்டு நின்றேன் என்றால் நம்புவாயா?

தீபாவளி அன்று ராத்திரி கோஸ் வடை சுட்டு, நாலு வடையைப் பாட்டிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பதிலுக்கு அவர் ஒரு சிவப்புக் கோஸைக் கையில் திணித்தார். ஆப்பிள், வெங்காயம், கிராம்பு, பிரிஞ்சி இலை, வினிகர் போட்டு ஒரு மணி நேரம் சிறுதீயில் வேகவைக்க வேண்டுமாம். வடக்கே இதைச் சிவப்புக் கோஸ் என்றும் இந்தப் பக்கம் நீலக் கோஸ் என்றும் சொல்கிறார்கள். நான் சொல்பேச்சுக் கேட்காமல் பொரியல் செய்தேன். தேங்காய்ப்பூவெல்லாம் நீலம்! சொட்டு நீலத்தில் நனைத்து எடுத்த மாதிரி. பயந்துபோய் எலுமிச்சம்பழம் பிழிந்தேன், பிழிந்த இடமெல்லாம் ரோஜா நிறமாகிவிட்டது. அந்தச் சாயம் புளிப்பு பட்டால் சிவக்கும், படாவிட்டால் நீலத்துக்குப் போகும், அதனால்தான் ஊருக்கு ஒரு பெயர். அக்கா பிள்ளைகளுக்குச் செய்து காட்டச் சொல், அங்கேயும் கிடைக்கும்.

இலையில் சுருட்டிச் செய்கிற ஒன்றும் இருக்கிறது. தண்டைக் குடைந்துவிட்டு முழுக் கோஸைக் கொதிநீரில் இறக்கினால் வெளி இலை ஒவ்வொன்றாகக் கிழியாமல் கழன்று வரும். நடு நரம்பைச் சீவிவிட்டு, உள்ளே இவர்கள் கறி வைப்பார்கள். நான் போண்டாவுக்குச் செய்கிற உருளைக்கிழங்கு மசாலாவை வைத்துச் சுருட்டி, இட்லிப் பானையில் அவித்தேன். நன்றாக இருந்தது என்று சொன்னால் பொய். இன்னும் உப்பு வேண்டும், சட்னி வேண்டும்.

இப்படிச் சமைத்துக்கொண்டிருக்கும்போதுதான் எண்ணிப் பார்த்தேன். அந்தச் சாக்கு மூட்டைக் காலத்தில் திங்கள் பொரியல், செவ்வாய் கூட்டு, புதன் அடையில் அரிந்து போட்டது, வியாழன் துவையல், வெள்ளி வடை. எங்களுக்குக் கோஸ் அலுத்தது என்று நாங்கள்தான் கத்தினோம். நீ ஒரு வாரமும் ஒரே மாதிரி செய்யவில்லை. அதுவும் அப்பா தட்டில் முதலில் வைப்பாய். அவர் ஒன்றும் சொல்லாமல் இரண்டாவது தடவை கேட்பார், பிறகு நாங்கள் வாயைத் திறக்க முடியாது. இங்கிலாந்துக் கப்பல் தலைவர் ஜேம்ஸ் குக் 1768-ல் புறப்பட்ட பயணத்தில் பீப்பாய் பீப்பாயாக இந்தப் புளித்த கோஸைத்தான் ஏற்றிக்கொண்டு போனார், ஈறில் ரத்தம் வடிகிற ஸ்கர்வி நோய் வராமல் இருக்க. மாலுமிகள் தொட மாட்டோம் என்றார்கள். அவர் அதிகாரிகள் சாப்பிடும் மேஜையில் தினமும் வைக்கச் சொன்னார். பெரியவர்கள் சாப்பிடுவதைப் பார்த்ததும் மற்றவர்களும் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். இதைப் படித்தபோது உன்னைத்தான் நினைத்துக்கொண்டேன்.

ஜாடி இப்போது என் சமையலறை மூலையில் இருக்கிறது. முதல் வாரம் முழுக்க ராத்திரியில் "ப்ளக்" என்று ஒரு சத்தம், கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. யாரோ இருக்கிறார்கள் என்று இரண்டு நாள் எழுந்து பார்த்தேன். இப்போது குறைந்துவிட்டது. ஆறு வாரம் கழித்து, நவம்பர் 23-ம் தேதி திறக்கலாம் என்று பாட்டி நாள் குறித்திருக்கிறார்.

பெரிய கோஸில் இனி மீதி இருப்பது தடித்த வெளி இலையும் ஒரு துண்டுத் தண்டும். இரண்டையும் துவையல் அரைக்கப் போகிறேன். புளியை இலையோடு சேர்த்து வதக்குவாயா, அரைக்கும்போது வைப்பாயா? பூண்டு உண்டா? அடுத்த ஞாயிறு கூப்பிடும்போது சொல். கத்த வேண்டாம், எனக்குக் காது நன்றாகவே கேட்கிறது.

இப்படிக்கு,
உன் சின்னவன்