டிரெய்லருக்கும் தனி நம்பர் உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் வீட்டில் டிராக்டர் ஓட்டுவது என் கணவர். ஆர்.சி. புத்தகம், எஃப்.சி. என்ற தகுதிச் சான்று, இன்சூரன்ஸ், டீசல் கணக்கு எல்லாம் என் பொறுப்பு. ஒரு நீல பைலில் தேதிவாரியாக அடுக்கி வைத்திருப்பேன். "எல்லாம் சரியாக இருக்கு" என்று அந்த பைலைக் காட்டிப் பெருமையடித்துக் கொண்டவள்தான் நான்.

வயலில் வேலை இல்லாத ஒரு நாள், சூளையிலிருந்து செங்கல் லோடு கிடைத்தது. டிராக்டர் கொக்கியில் டிரெய்லரை மாட்டும் இரும்பு முளை மேலே துள்ளாமல் இருக்க அடியில் ஒரு லாக் கிளிப் போடுவார்கள். அந்தக் கிளிப் தொலைந்து பத்து நாள் ஆகியிருந்தது. கட்டுக்கம்பியை இரண்டு சுற்று சுற்றி முறுக்கி ஓட்டிக் கொண்டிருந்தார் என் கணவர். கிளிப் வாங்கச் சொல்லி நானும் இரண்டு தடவை ஞாபகப்படுத்தினேன், அதோடு சரி. மேடு ஏறும்போது பள்ளத்தில் ஒரு குலுக்கல். கம்பி அறுந்தது, முளை வெளியே வந்து விழுந்தது, டிராக்டர் முன்னால் போக டிரெய்லர் தனியாகக் கீழே உருண்டது. எங்கள் டிரெய்லருக்குத் தனி பிரேக் கிடையாது. ஓரமாக நின்றிருந்த காய்கறி வேனின் முகத்தை நசுக்கி, பக்கத்தில் நின்ற வேன் டிரைவரின் காலையும் முறித்துவிட்டுத்தான் நின்றது. செங்கல் மேல் உட்கார்ந்து வந்த லோடுமேன் இருவரில் ஒருவர் குதித்துவிட்டார். இன்னொருவருக்கு மணிக்கட்டு போய்விட்டது.

தப்பு எங்களுடையது. அதை மறைக்க நான் எழுதவில்லை. இதற்காகத்தானே வருடா வருடம் இன்சூரன்ஸ் கட்டுகிறோம் என்று ஆஸ்பத்திரி வாசலில் நின்று நினைத்தேன் பாருங்கள், அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

மறுநாள் ஏஜென்ட்டிடம் பைலை நீட்டினேன். பாலிசித் தாளை இரண்டு முறை திருப்பிப் பார்த்துவிட்டு, "டிரெய்லருக்குப் போடவே இல்லையேம்மா" என்றார். டிராக்டரின் நம்பர், இன்ஜின் நம்பர், சேசிஸ் நம்பர் எல்லாம் தாளில் இருந்தன. கீழே டிரெய்லர் என்று ஒரு கட்டம். அதில் இரண்டு சின்னக் கோடுகள், அவ்வளவுதான். மூன்று வருடமாக அந்தக் கோடுகள் அங்கேதான் இருந்திருக்கின்றன. நான் பார்த்ததெல்லாம் பாலிசி முடியும் தேதியை மட்டும்.

எப்படி நடந்தது என்று பழைய தாள்களைக் கிளறியபோது புரிந்தது. வாங்கிய வருடம் டிராக்டர், டிரெய்லர் இரண்டுக்கும் சேர்த்து ஷோரூமிலேயே இன்சூரன்ஸ் போட்டுக் கொடுத்தார்கள். அடுத்த வருடம் "பாலிசி முடியப் போகிறது" என்று போனில் குறுஞ்செய்தி வந்தது டிராக்டருக்கு மட்டும். டிராக்டர் நம்பரைக் கொடுத்துப் பணம் கட்டினேன். வண்டிக்குக் கட்டியாயிற்று என்றால் வாலுக்கும் சேர்த்துத்தானே என்ற நினைப்பு. பின்னால் எதையாவது இழுக்கிறீர்களா என்று யாரும் கேட்கவில்லை.

ஆனால் சட்டத்தில் அது வால் இல்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 'மோட்டார் வாகனம்' என்று சொல்லும்போதே டிரெய்லரையும் சேர்த்துத்தான் சொல்கிறது. அதற்குத் தனிப் பதிவு, தனி நம்பர். அந்த நம்பர் டிரெய்லரின் பக்கவாட்டில் தெரிய வேண்டும், இழுக்கும் வண்டியின் நம்பரும் டிரெய்லரில் இருக்க வேண்டும் என்று 61-வது பிரிவு சொல்கிறது. எங்கள் டிரெய்லரின் நம்பர் எங்கே இருக்கிறது என்று தேடினேன். சேறும் செங்கல் தூளும் அப்பிக் கிடந்த பலகையை ஈரத்துணியால் துடைத்த பிறகுதான் தெரிந்தது. சாலையில் போகும் டிரெய்லர்களைப் பாருங்கள், பாதிக்கு மேல் இப்படித்தான் இருக்கும்.

நம் வண்டியால் அடிபடும் மற்றவர்களுக்கான தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் இல்லாமல் வண்டியைச் சாலைக்குக் கொண்டுவரக் கூடாது என்கிறது 146-வது பிரிவு. மீறி முதல் தடவை பிடிபட்டால் 2,000 ரூபாய் அபராதம், மூன்று மாதம் வரை சிறையும் உண்டு. பிடிபட்டால்தானே! சோதனையில் நிறுத்தினாலும் டிராக்டர் பேப்பரைப் பார்த்துவிட்டு அனுப்பி விடுகிறார்கள். எங்களை ஒருவரும் டிரெய்லர் பேப்பர் கேட்டதில்லை.

வழக்கு இப்போது விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் நடக்கிறது. இழுத்துப் போன டிராக்டருக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதே, மாட்டிய பிறகு இரண்டும் ஒரே வண்டிதானே என்பது எங்கள் வக்கீலின் வாதம். இப்படியும் தீர்ப்பு உண்டு, இதற்கு எதிராகவும் தீர்ப்பு உண்டு என்று அவரே சொல்கிறார். கம்பெனி இன்னொன்றையும் பிடித்துக் கொண்டது. பாலிசி விவசாய உபயோகத்துக்கு, நீங்கள் வாடகைக்குச் செங்கல் ஏற்றியிருக்கிறீர்கள் என்கிறார்கள். அதற்கு என்னால் வாய் திறக்க முடியவில்லை. முதலில் கம்பெனி கொடுத்துவிட்டு அப்புறம் எங்களிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்றும் உத்தரவு வரலாமாம். அடிபட்டவருக்கு அது நல்லது. எங்களுக்குக் கடன் கொஞ்சம் தள்ளிப் போகும்.

லோடுமேன் சமாச்சாரம்தான் எனக்கு இன்னும் தொண்டையில் நிற்கிறது. ஏற்றி இறக்கும் ஆட்களுக்கென்று தலைக்கு ஒரு சின்னத் தொகை கூடுதல் பிரீமியம் கட்டி பாலிசியில் சேர்க்க முடியும் என்பதே விபத்துக்கு அப்புறம்தான் எனக்குத் தெரியும். "அக்கா, எனக்கு இன்சூரன்சில் ஏதாவது வருமா?" என்று கட்டுப் போட்ட கையோடு வீட்டுக்கு வந்து கேட்டார். வராது என்று சொல்ல மனசு வராமல், பார்க்கலாம் தம்பி என்றேன். அவர் சிகிச்சைச் செலவை நாங்கள் வட்டிக்கு வாங்கித்தான் கட்டினோம்.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. டிராக்டர் பாலிசியைப் புதுப்பிக்கும் இடத்தில், கவுன்டராக இருந்தாலும் போனாக இருந்தாலும், "டிரெய்லர் உண்டா? நம்பர் என்ன?" என்று கேட்டுவிட்டுப் பணம் வாங்கட்டும். இல்லை என்றால் 'இல்லை' என்று எழுத்தில் வரட்டும், கோடு வேண்டாம். இரண்டுக்கும் ஒரே முடிவுத் தேதி இருந்தால் என்னைப் போன்றவர்களுக்கு நினைவில் நிற்கும். பட்டறையில் அடித்து வாங்கும் டிரெய்லர்களுக்கும் ஒரு வழி வேண்டும். எங்கள் முதல் டிரெய்லர் அப்படி வாங்கியதுதான். அங்கீகாரம் பெற்ற வடிவமைப்பு இல்லை என்று பதிவு கிடைக்கவில்லை. பதிவு இல்லாததால் இன்சூரன்சும் இல்லை. கடைசியில் அதைப் பழைய இரும்புக்குப் போட்டோம். அப்படிப்பட்ட டிரெய்லரை இன்றும் ஓட்டுகிறவர்களை எனக்கே தெரியும், அவர்களைத் திட்டவும் மனம் இல்லை.

இந்த வருடம் டிரெய்லரையும், லோடுமேன் இரண்டு பேரையும் சேர்த்து, வாடகை ஓட்டத்தையும் சொல்லித்தான் பணம் கட்டினேன். பாலிசி வந்ததும் முதலில் அந்தக் கட்டத்தைத்தான் பார்த்தேன். டிரெய்லர் நம்பரில் ஓர் இலக்கம் மாறி இருந்தது. திருத்தக் கொடுத்து ஒன்பது நாள் ஆகிறது. புதுக் கிளிப்போடு டிரெய்லர் களத்தில் நிற்கிறது. சரியான தாள் வரட்டும், அப்புறம் எடுக்கலாம் என்று சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
டிராக்டர் கணக்கு எழுதும் ஒரு வாசகி