செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும், வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்று மாவட்டங்களிலிருந்தும் வந்திருக்கும் கிட்டார் கலைஞர்களுக்கும் வணக்கம். மாவட்டம் 2019-இல் மூன்றாகப் பிரிந்துவிட்டது. நம் விதிப்புத்தகத்தில் இன்னும் வடஆர்க்காடு என்றுதான் இருக்கிறது. அதைத் திருத்தும் தீர்மானத்துக்கு இந்த ஆண்டும் நேரம் கிடைக்கவில்லை.

மாதக் கூட்டங்கள் வேலப்பாடி மாடி அறையில் வழக்கம்போல் நடந்தன. சந்தா பாக்கியைப் பற்றிப் பொருளாளர் பேசுவார். நான் கேட்டால் சிரிக்கிறார்கள், அவர் கேட்டால் தருகிறார்கள்.

இந்த ஆண்டு நம் நேரத்தையெல்லாம் எடுத்துக்கொண்டது ஒரே வேலைதான்: ஒரு பழைய ஆம்பின் (கிட்டார் ஓசையைப் பெருக்கும் பெட்டி) ஓசையைக் கணினிக்குள் பிடித்துவைப்பது. இங்கே பல வருடம் பணியாற்றிவிட்டு ஊர் திரும்பிய வெளிநாட்டுக்காரர் ஒருவர் விட்டுப்போன ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப் அது. நம் உறுப்பினர் வீட்டுப் பரணில் கிடந்தது. இந்த மாடல் 1963-இல் வந்தது. 1965-இல் ஃபெண்டர் கம்பெனியை அமெரிக்க ஒலிபரப்பு நிறுவனமான சிபிஎஸ் வாங்கிக்கொண்டது. அதற்குச் சில வருடம் கழித்துக் கறுப்பு முகப்பு போய் வெள்ளி முகப்பு வந்தது. நம்முடையது வெள்ளி முகப்பு.

முப்பது வருடம் தூங்கிய ஆம்பை எடுத்தவுடன் கரண்டில் சொருகக் கூடாது. உள்ளே இருக்கும் மின்தேக்கிகள் காய்ந்துபோயிருக்கும். வால்வு (கண்ணாடிக் குழல்) ரேடியோ காலத்து மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுபோனோம். மூடியைக் கழற்றிப் பார்த்தவர் முதலில் பேசவே இல்லை. ஒவ்வொரு கம்பியும் கையால் பற்றவைத்தது. ஈயம் இன்னும் மினுமினுத்தது. மின்தேக்கிகளை மாற்றினார். பவர் வால்வுகள் இரண்டும் போயிருந்தன. வெளியூர்க் கடை ஒன்றில் 6வி6 வகை வால்வு கேட்டால் 6எல்6 வகையை அனுப்பினார்கள். இரண்டுக்கும் அடிக்கால் ஒன்றுதான், சொருகினால் உட்கார்ந்துவிடும். ஆனால் 6எல்6-இன் இழை இரண்டு மடங்கு கரண்ட் இழுக்கும், டிரான்ஸ்ஃபார்மர் தாங்காது. மெக்கானிக் பெட்டியைப் பிரித்ததும் “இது குண்டா இருக்கே” என்றார். அந்த ஒரு வார்த்தைதான் ஆம்பைக் காப்பாற்றியது. கடை பணத்தைத் திருப்பித் தர நான்கு மாதம் ஆனது.

அப்புறம் பிடிக்கும் வேலை. கெம்பர், டோன்எக்ஸ், குவாட் கார்ட்டெக்ஸ் என்று இதற்கென்றே கருவிகள் இருக்கின்றன. நம் பட்ஜெட்டுக்கு இலவசமாகக் கிடைக்கும் நியூரல் ஆம்ப் மாடலர் என்ற மென்பொருள்தான் சரிப்பட்டது. அதற்கென்று உள்ள சோதனை ஒலியை லேப்டாப்பிலிருந்து ஆம்புக்குள் அனுப்ப வேண்டும். லேப்டாப்பின் ஒலியைக் கிட்டார் கொடுக்கும் அளவுக்கு இறக்கிக் கொடுக்க நடுவில் ஒரு சின்னப் பெட்டி. ஆம்ப் பாடுவதை மைக்கில் பிடித்துத் திரும்பக் கணினிக்கே கொடுக்கிறோம். போனது இது, வந்தது இது என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கணினி தானாகக் கற்றுக்கொள்கிறது. வெறும் எதிரொலியைப் பிடிக்க இவ்வளவு பாடு வேண்டாம். அறையும் ஸ்பீக்கர் பெட்டியும் மெல்லத் தட்டினாலும் ஓங்கித் தட்டினாலும் ஒரே குணத்தில்தான் பதில் சொல்லும். வால்வு அப்படியல்ல. மெல்ல மீட்டினால் தேன், ஓங்கி அடித்தால் கரகரப்பு. அந்த மாற்றத்தையும் சேர்த்துக் கற்க வேண்டியிருப்பதால்தான் கணினிக்கு இவ்வளவு வேலை.

சோதனை ஒலி மூன்று நிமிடச் சொச்சம். முதலில் டக் டக் என்று தட்டுகள் (ஒலி போய்த் திரும்பும் தாமதத்தை அளக்க), பிறகு கீழிருந்து மேலே ஏறும் விசில், இரைச்சல், இசைத் துணுக்குகள். ஆட்டோ சத்தம் மைக்கில் விழக் கூடாது என்று இரவில்தான் செய்தோம். மின்விசிறியும் போடக் கூடாது. வேலூர் மே மாதத்தில், ஜன்னலைச் சாத்திக்கொண்டு, ஒன்பது வால்வு எரியும் பெட்டியோடு ஐந்து பேர். இரண்டாம் நாள் இரவு அந்த விசிலைக் கேட்டுக் கீழ்வீட்டு அம்மா ஏறிவந்து, “குக்கர் ஏதும் வெச்சிருக்கீங்களா தம்பி?” என்றார். அந்தப் பதிவு போனது. அவர் குரல் மட்டும் துல்லியமாக விழுந்திருந்தது.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வேண்டிய விஷயம். வால்யூம் 5, ட்ரெபிள் 6, பேஸ் 4; ரிவெர்பும் (எதிரொலி) வைப்ரேட்டோவும் (ஓசை நடுக்கம்) பூஜ்யம், ஏனென்றால் அவற்றை இந்த முறையில் பிடிக்க முடியாது. இதே அமைப்பில் இரண்டு பதிவு எடுத்தோம், மாலை ஏழு மணிக்கு ஒன்று, நள்ளிரவில் ஒன்று. இரண்டும் வேறு வேறு ஆம்ப் போல ஒலித்தன. மாலையில் எடுத்தது சீக்கிரமே உடைந்து கரகரத்தது. லேப்டாப்பைத் திட்டினோம், மைக்கை நகர்த்தியவர் யார் என்று சண்டை போட்டோம். கடைசியில் துணைச் செயலாளர் பிளக்கில் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தார். மாலையில் 205 வோல்ட், நள்ளிரவில் 242. இது அமெரிக்க ஆம்ப், 230-ஐ 110 ஆக இறக்கும் பெட்டி வழியாக ஓடுவது. அப்படியானால் ஆம்புக்குக் கிடைத்தது மாலையில் 98, நள்ளிரவில் 116. வால்வுக்குப் போகும் மின்னழுத்தம் குறைந்தால் அது தாங்கும் எல்லையும் குறைகிறது, சீக்கிரம் உடைகிறது. நாம் பிடித்தது ஆம்பை மட்டுமல்ல, அன்றைய வேலூர் கரண்டையும் சேர்த்துத்தான். என் காதுக்கு அந்த மாலைப் பதிவுதான் அழகு. ஆனால் முதல் வாரம் எடுத்தவற்றில் எந்த விவரத்தையும் யாரும் எழுதிவைக்கவில்லை. “நல்லது”, “நல்லது 2”, “கடைசி”, “கடைசி நிஜம்” என்று கோப்புப் பெயர்கள். அத்தனையும் அழித்தோம். இப்போது நோட்டு போட்டிருக்கிறோம்: தேதி, மணி, வோல்ட், திருகுகளின் நிலை, மைக் தூரம்.

ஆகஸ்டில் சென்னை நண்பர் ஒருவரின் மறுபதிப்பு ஆம்ப் கிடைத்தது. 1993 முதல் ஃபெண்டர் விற்கும் ’65 டீலக்ஸ் ரிவெர்ப். அதே மின்சுற்றுதான், ஆனால் கையால் பற்றவைத்ததல்ல, அச்சிட்ட மின்சுற்றுப் பலகை. திரைக்குப் பின்னால் இரண்டையும் மாற்றி மாற்றி ஒலிக்கவிட்டோம். அவரவர் ஸ்பீக்கரில் ஒலித்தபோது எல்லோரும் பழையதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அப்புறம் இரண்டையும் அணைத்துவிட்டு, பழைய ஸ்பீக்கரையே இரண்டுக்கும் மாற்றிச் சொருகினோம். பாதிக் கைகள் தப்பாக உயர்ந்தன, என் கை உட்பட. கையால் பற்றவைத்ததன் மகிமையைப் பற்றி மாதக்கணக்கில் பேசிய உறுப்பினர், தலைவலி என்று முன்கூட்டியே கிளம்பினார். என்னைக் கேட்டால், அந்தப் பழைய ஓசையில் பெரும்பங்கு ஸ்பீக்கரின் காகிதக் கூம்பில் இருக்கிறது. ஸ்பீக்கரை மாற்றச் சொல்பவர்கள் முதலில் அதைப் பதிவெடுத்துவிட்டு மாற்றட்டும்.

பலன்? குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாக் கச்சேரிக்குப் போன நம் ஆட்கள், 19 கிலோ பெட்டியைப் பஸ்ஸில் ஏற்றாமல், பதிவை லேப்டாப்பில் வைத்து நேரே மைக்செட்டில் சொருகி வாசித்தார்கள். முதல் பாட்டில் வண்டு ரீங்காரம். மைக் இல்லாமல், ஸ்பீக்கரின் குணம் சேராமல் எடுத்த பதிவைப் போட்டிருக்கிறார்கள். இரண்டாம் பாட்டுக்குச் சரியானதை மாற்றியதும் மைக்செட்காரர், “ஆம்ப் எங்கண்ணா வெச்சிருக்கீங்க?” என்று மேடைக்குப் பின்னால் தேடினாராம்.

பதிவுகள் உறுப்பினர்களுக்கு இலவசம். ஆம்ப் வீட்டுக்காரரைக் கேட்காமல் வெளியாருக்குக் கொடுக்கக் கூடாது, இது செயற்குழு முடிவு. அடுத்த ஆண்டு ரிவெர்ப் ஸ்பிரிங்கைத் தனியாகப் பிடிக்க உத்தேசம். கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் மண்டபத்தின் எதிரொலியையும் எடுக்கலாமே என்று ஒருவர் கேட்டார். அனுமதிக் கடிதத்தை அவரே எழுதித் தந்தால் கையெழுத்துப் போட நான் தயார்.

நோட்டு என்னிடம் இருக்கிறது. மல்டிமீட்டர் தீபாவளியிலிருந்து காணவில்லை. எடுத்தவர் பேட்டரியோடு திருப்பித் தரவும்.

இப்படிக்கு,
செயலாளர்