புகை எப்போது வருகிறது என்று பார்

அன்புள்ள கண்ணு,

காரிலிருந்து காலையில் புகை வருவதை எடுத்து நீ அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். ஓசூர் மெக்கானிக் "எஞ்சினை இறக்கித்தான் ஆகணும்" என்றாராம், உன் அம்மா சொன்னாள். இப்போதைக்குச் சம்மதிக்காதே. எஞ்சினை வண்டியிலிருந்து கழற்றி இறக்கவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எதையும் அளந்து பார்க்காமல் இறக்காதே என்கிறேன். இதைப் போனில் சொன்னால் பாதியிலேயே "சரிப்பா, மீட்டிங் இருக்கு" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். படித்துவிட்டு வண்டியின் டேஷ்போர்டிலேயே போட்டு வை.

நம்முடையது 2003 மாடல் மாருதி 800. 796 சிசி, மூன்று சிலிண்டர், ஆறு வால்வு. இதைவிடச் சின்ன எஞ்சின் உள்ள கார் நம் ஊர் ரோட்டில் அபூர்வம். எதை எடுத்தாலும் கைக்கு எட்டும், எந்த ஊரிலும் பார்ட்ஸ் கிடைக்கும். பயப்பட ஒன்றுமில்லை.

புகை என்றதும் எல்லோரும் நிறத்தைத்தான் கேட்பார்கள். நீலம் என்றால் ஆயில் எரிகிறது, வெள்ளை என்றால் தண்ணீர், கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம். தப்பில்லை. ஆனால் நிறத்தை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. எப்போது வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, எதைச் செய்தால் வருகிறது என்று பார்க்க வேண்டும். வேலை சின்னதா பெரியதா என்பது அதில்தான் தெரியும். நீ சொன்னதை வைத்துப் பார்த்தால் உன் வண்டியில் இருப்பது ஒரு புகை இல்லை, இரண்டு. காலையில் வரும் வெள்ளைப் புகை ஒன்று. தொப்பூர் கணவாய் இறங்கியதும் பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரன் அடித்துக் காட்டினாரே, அந்த நீலப் புகை இன்னொன்று. மெக்கானிக் இரண்டையும் சேர்த்து ஒரே கணக்கில் எழுதிவிட்டார்.

முதலில் காலைப் புகை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியே வரும். எல்லா வண்டியிலும் அப்படித்தான். சைலன்சர் சூடாக இருந்தால் அது கண்ணுக்குத் தெரியாது. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து 850 மீட்டருக்கு மேலே இருக்கிறது. மார்கழிக் காலையில் சேலத்துக் குளிரும் அந்தக் குளிரும் ஒன்றா? சைலன்சர் ஜில்லென்று இருக்கும்போது ஆவி வெள்ளையாகத் தெரியும், குழாய் நுனியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீரும் விழும். நாலடி தள்ளிப் போனதும் காற்றில் காணாமல் போகும். வண்டி சூடானதும் நின்றுவிடும். உன் வீடியோவில் இருப்பது இதுதான் என்று நினைக்கிறேன்.

அப்புறம் ஏன் ஆயில் மூடிக்கு அடியில் வெண்ணெய் மாதிரி மஞ்சளாக இருந்தது என்று கேட்பாய். மெக்கானிக் அதைக் காட்டித்தானே "ஹெட் கேஸ்கெட் போச்சு" என்றார். ஹெட் என்பது எஞ்சினின் மேல் பாகம்; அதற்கும் கீழ்ப் பாகத்துக்கும் நடுவே, எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்டும் ஆயிலும் கலக்காமல் அடைக்கும் தகடுதான் கேஸ்கெட். உன் ஃபேக்டரி வீட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர். எஞ்சின் முழுசாகச் சூடாவதற்குள் நிறுத்திவிடுகிறாய். சாயங்காலமும் அதே கதை. எரிந்த வாயு கொஞ்சம் பிஸ்டனைச் சுற்றி இருக்கும் ரிங்கைத் தாண்டி எப்போதும் கீழே ஆயில் பக்கம் இறங்கும். அதோடு ஈரமும் போகும். எஞ்சின் நன்றாகச் சூடானால் அந்த ஈரம் ஆவியாகி வெளியேறிவிடும். சூடாகாவிட்டால் மூடியில்தான் முதலில் குளிர்ந்து ஒட்டும், ஏனென்றால் எஞ்சினிலேயே ஜில்லென்று இருக்கும் இடம் அதுதான். ஆயிலோடு கலந்து வெண்ணெய் ஆகிவிடும்.

இதை நீயே சோதித்துவிடலாம். மூடியைத் துணியால் சுத்தமாகத் துடை. ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணகிரி வரை ஒரு நடை போய்விட்டு வா. திரும்ப வந்து எஞ்சின் ஆறியதும் மூடியைத் திறந்து பார். சுத்தமாக இருந்தால் அது வெறும் ஈரம். ஆயில் ஸ்டிக்கையும் உருவிப் பார்: ஸ்டிக்கில் இருக்கும் ஆயிலே பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால்தான் கூலண்ட் ஆயிலில் கலக்கிறது என்று அர்த்தம். அப்படி இருந்தால் கிருஷ்ணகிரி பயணத்தை விடு, வண்டியை ஸ்டார்ட்டே செய்யாதே. கூலண்ட் கலந்த ஆயிலில் பேரிங் தாங்காது.

இன்னொன்றும் செய். பானட்டுக்குள் கூலண்ட் டப்பா வெள்ளையாக இருக்கும். காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது மட்டம் எங்கே இருக்கிறதோ அங்கே மார்க்கரால் ஒரு கோடு போடு. ஒரு வாரம் கழித்து அதே நேரத்தில் பார். கோட்டிலேயே நின்றால் ஹெட் கேஸ்கெட்டைப் பற்றிக் கவலைப்படாதே. குறைந்துகொண்டே போகிறது, ஆனால் கீழே எங்கும் ஒழுகவில்லை, வண்டி சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லை, புகையில் ஒருவிதத் தித்திப்பு வாசனை, டெம்பரேச்சர் முள் வழக்கத்தைவிட மேலே ஏறுகிறது என்றால் மெக்கானிக் சொன்னது சரி. அப்போதுகூடக் கழற்ற வேண்டியது ஹெட்டை மட்டும்தான், எஞ்சினை இறக்கத் தேவையில்லை. ஹெட் அலுமினியம்; ஓவர்ஹீட் ஆகியிருந்தால் வளைந்திருக்கும். லேத்தில் கொடுத்து மட்டம் பார்த்துவிட்டுத்தான் புது கேஸ்கெட் போட வேண்டும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியில் மட்டும் கை வைத்துவிடாதே. டிப்போவில் அப்படித் திறந்து முகம் வெந்துபோனவரை நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது தொப்பூர். உண்மையில் கவனிக்க வேண்டியது இதுதான்.

தர்மபுரியிலிருந்து சேலம் பக்கம் வரும்போது அங்கே நீள இறக்கம். நான் சொல்லிக் கொடுத்தபடி கியரிலேயே இறங்குகிறாய், ஆக்சிலேட்டரில் கால் இல்லை. அப்போது காற்றை உள்ளே விடும் த்ராட்டில் மூடியிருக்கும். ஆனால் சக்கரம் எஞ்சினைச் சுற்றிக்கொண்டே இருக்கும். காற்று உள்ளே போக வழியில்லாமல், அது நுழையும் இன்டேக் பக்கம் பலமான உறிஞ்சல் உண்டாகும். சிலிண்டரைத் திறந்து மூடும் வால்வின் தண்டு ஏறி இறங்கும் இடத்தில் ரப்பரில் ஒரு சின்ன சீல் இருக்கிறது, மேலே இருக்கும் ஆயில் கீழே இறங்காமல் தடுக்க. இருபது வருடத்தில் அந்த ரப்பர் கல்லாகியிருக்கும். உறிஞ்சல் அதன் வழியாக ஆயிலை உள்ளே இழுத்துச் சேர்த்துவைக்கும். இறக்கம் முடிந்து நீ ஆக்சிலேட்டரை மிதித்ததும் சேர்ந்த ஆயில் எல்லாம் ஒரே நேரத்தில் எரியும். குபீரென்று ஒரு நீலப் புகை, அப்புறம் ஒன்றுமில்லை.

அதே சீல்தான் ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்யும்போதும் காட்டிக்கொடுக்கும். முதல் சில நொடி நீலமாக வந்துவிட்டு நின்றுவிடும். காலை வெள்ளைப் புகைக்கு முன்னால் அப்படி ஏதாவது வருகிறதா என்று யாரையாவது பின்னால் நிற்க வைத்துப் பார். ஆயில் எரிந்த வாடை மூக்கில் ஏறும், தவறவிட மாட்டாய்.

ரிங் தேய்ந்திருந்தால் கதை வேறு. அப்போது இறக்கத்தில் வராது, ஏற்றத்தில் வரும். சேலத்திலிருந்து திரும்பிப் போகும்போது அதே தொப்பூரில் மூன்றாவது கியரில் மூச்சுப் பிடித்து ஏறுகிறாயே, அப்போது கண்ணாடியில் தொடர்ச்சியாக நீலம் தெரியும். பிக்கப் குறைந்திருக்கும். எஞ்சின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் குப் குப்பென்று புகை அடிக்கும். லேசாகக் காற்று வருவது பழைய எஞ்சினில் சகஜம். மூடியைத் தூக்கி எறிகிற மாதிரி அடித்தால்தான் யோசிக்க வேண்டும். அதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அந்தக் காற்றை இன்டேக்குக்குத் திருப்பி அனுப்ப பி.சி.வி. என்று ஒரு சின்ன வால்வு உண்டு. அதில் பிசுக்கு அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, ரிங் நன்றாக இருந்தாலும் ஆயிலைக் கண்ட இடத்தில் தள்ளும். அதன் ஹோஸைக் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல். மிகச் சின்னச் செலவு. இதைப் பார்க்காமல் எஞ்சினைப் பிரிப்பவரிடம் வண்டியை விடாதே.

சீலா ரிங்கா என்று உறுதிசெய்ய கம்ப்ரெஷன் டெஸ்ட் இருக்கிறது, அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு நிற்கிறது என்று அளப்பது. அதை அளக்கும் கேஜ் வைத்திருக்கும் ஒர்க்‌ஷாப்பில் போய்க் கேள். சூடான எஞ்சினில் மூன்று ப்ளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டராகக் கேஜைப் பொருத்தி, ஆக்சிலேட்டரை முழுசாக மிதித்துக்கொண்டு செல்ஃப் அடிப்பார்கள். பக்கத்திலேயே நின்று மூன்று எண்ணையும் நீயே எழுதிக்கொள். எண் எவ்வளவு என்பதைவிட மூன்றும் ஒன்றுக்கொன்று எவ்வளவு பக்கத்தில் இருக்கின்றன என்பது முக்கியம். ஒன்று மட்டும் தணிந்திருந்தால் அந்தச் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பார்க்கச் சொல். எண் ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது, ஆயில் அந்த இடைவெளியைத் தற்காலிகமாக அடைக்கிறது. ஏறாவிட்டால் வால்வு சரியாக உட்காரவில்லை, இல்லையென்றால் கேஸ்கெட். கழற்றிய ப்ளக்குகளையும் வரிசையாக வைத்துப் பார். நுனி இளம் பழுப்பாக இருந்தால் நல்லது. ஈரப் பிசுக்கோடு கறுப்பாக இருந்தால் ஆயில். உலர்ந்த கரியாக இருந்தால் பெட்ரோல் அதிகம்.

என் கணிப்பு சீல்தான். மூன்று எண்ணும் நன்றாக இருந்தால் ஆறு சீலையும் மாற்றினால் போதும், ரிங்கைத் தொட வேண்டாம். "எப்படியும் பிரிக்கிறோம், போரிங்கும் சேர்த்துப் பண்ணிடலாம்" என்பார்கள். சிலிண்டரின் உள்சுவரைக் கடைவதுதான் போரிங். வேண்டாம் என்று சொல்லிவிடு.

கறுப்புப் புகை உனக்கு இல்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். நான் டிப்போவில் பார்த்ததெல்லாம் டீசல். அங்கே கறுப்புப் புகை அன்றாடம். பெட்ரோல் வண்டியில் அது வரக் கூடாது. வந்தால் முதலில் ஏர் ஃபில்டர், அப்புறம் சென்சர், பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர். சைலன்சர் ஆறியிருக்கும்போது உள்ளே விரல் விட்டுப் பார்: பொடிக் கரி என்றால் பெட்ரோல், விரலில் பிசுபிசுவென்று ஒட்டினால் ஆயில்.

ஆயில் விஷயத்துக்கு வருகிறேன். சீலை மாற்றும் வரைக்கும் வண்டி ஆயில் சாப்பிடத்தான் செய்யும். கொஞ்சம் சாப்பிடுவதால் எஞ்சின் கெடாது. சாப்பிட்டதை நீ ஈடு செய்யாமல் விட்டால் கெடும். ஞாயிற்றுக்கிழமை தோறும் பார். மேடு பள்ளம் இல்லாத இடத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துப் பத்து நிமிடம் பொறுத்து, ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி முழுசாகச் செருகி எடு. இரண்டு குறிகளுக்கு நடுவே மேல் பக்கமாக இருக்க வேண்டும். குறைந்தால் ஒரேயடியாகக் கவிழ்க்காதே. கால் லிட்டர் ஊற்று, ஐந்து நிமிடம் பொறு, மறுபடி பார். மேல் குறியைத் தாண்டினால், எஞ்சின் அடியில் இருக்கும் கிராங்க் தண்டு சுழலும்போது ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும். நுரையைப் பம்ப் சரியாகத் தள்ளாது. புகையும் கூடும்.

ஸ்டிக்கில் ஆயில் கறுப்பாக இருப்பதைப் பார்த்துப் பதறாதே. அழுக்கைத் தன்னில் வாங்கிக்கொள்வதுதான் அதன் வேலை. மோந்து பார், பெட்ரோல் வாடை அடித்தால் அதைச் சொல்.

ஒரு நோட்டில் ஓடோமீட்டர் எண்ணையும் ஊற்றிய அளவையும் எழுது. ஆயிரம் கிலோமீட்டருக்குக் கால் லிட்டர் என்றால் இந்த வயதுக்கு நான் அலட்டிக்கொள்ள மாட்டேன். அரை லிட்டர் தாண்டினால் சீல் வேலையைத் தள்ளிப்போடாதே. ஒரு லிட்டரை நெருங்கினால் கம்ப்ரெஷன் எண் எப்படி இருந்தாலும் என்னைக் கூப்பிடு.

நான் எப்போதும் ஊற்றியது 20W-40, ஆயிலின் கெட்டித்தன்மையைச் சொல்லும் எண் அது. அதையே ஊற்று. பைக் ஆயிலைக் கார் எஞ்சினில் ஊற்றாதே. அது ஆயிலிலேயே நனைந்து ஓடும் பைக் கிளட்சுக்காகச் செய்த வேறு சரக்கு. "இதை ஊற்றினால் புகை நிற்கும்" என்று டப்பா விற்பார்கள். கெட்டியான பசை போல ஒன்று. புகை கொஞ்ச நாள் குறையலாம், தேய்ந்த ரப்பர் புதிதாகுமா? போலி ஆயிலும் நிறையப் புழங்குகிறது, தெரிந்த கடையிலோ பங்க்கிலோ டப்பாவின் சீல் உடையாமல் இருக்கிறதா என்று பார்த்து வாங்கு. காலி டப்பாவை ஓட்டை போட்டுவிட்டுத் தூக்கிப் போடு, இல்லாவிட்டால் அதிலேயே மறுபடி நிரப்பி விற்பார்கள்.

ஐயாயிரம் கிலோமீட்டர் அல்லது ஆறு மாதம், எது முதலில் வருகிறதோ அப்போது மாற்று. உனக்கு ஆறு மாதம்தான் முதலில் வரும். ஓடவே இல்லையே என்று தள்ளிப்போடாதே. குட்டி ஓட்டத்தில்தான் ஆயில் சீக்கிரம் கெடும், ஈரத்தாலும் பெட்ரோலாலும். ஆயில் ஃபில்டரையும் ஒவ்வொரு முறையும் சேர்த்தே மாற்று. புது ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் விரலால் ஆயில் தடவிக் கையாலேயே இறுக்கினால் போதும், ஸ்பேனர் போட்டு முறுக்க விடாதே.

டேஷ்போர்டில் சிவப்பில் ஒரு எண்ணெய்க் குடுவை லைட் இருக்கிறதே, அது ஆயில் குறைந்திருக்கிறது என்று நினைவூட்டும் லைட் இல்லை. அழுத்தமே போய்விட்டது என்று சொல்லும் லைட். ஓடும்போது எரிந்தால் அடுத்த பங்க் வரை போய்ப் பார்க்கலாம் என்று நினைக்காதே. அங்கேயே ஓரம் கட்டி எஞ்சினை அணை.

புகைச் சான்றிதழ் கையில் இருக்கிறது என்றும் தைரியமாக இருந்துவிடாதே. பெட்ரோல் வண்டிக்கு அங்கே பார்ப்பது ஐட்லிங்கில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும். தொப்பூர் இறக்கத்தை அவர்கள் பார்ப்பதில்லை.

அடுத்த மாதம் வரும்போது தம்பியைப் பைக்கில் தொப்பூர் அடிவாரத்துக்கு அனுப்புகிறேன். முன்கூட்டியே போன் பண்ணு. உன் பின்னால் வந்து புகையை வீடியோ எடுப்பான். அதற்குள் கம்ப்ரெஷன் எண் மூன்றையும், கூலண்ட் கோடு எங்கே நிற்கிறது என்பதையும் வாட்ஸப்பில் அனுப்பிவிடு. சீல் வேலையைச் சேலத்திலேயே வைத்துக்கொள்ளலாம், நான் பக்கத்தில் நிற்கிறேன்.

அன்புடன்,
அப்பா