எடுத்த கட்டியைக் குப்பையில் போடலாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

மரு, பாலுண்ணி நீக்குவது பற்றிச் சென்ற வாரம் வெளியான கட்டுரையைப் படித்தேன். முடியைக் கட்டி அறுப்பதும் சுண்ணாம்பு வைப்பதும் கூடாது என்று எச்சரித்தது நல்லது. ஆனால், எடுத்த சதையை என்ன செய்வது என்று ஒரு வரிகூட இல்லை. எங்கள் குடும்பம் ஏமாந்தது அந்த இடத்தில்தான்.

என் அண்ணனுக்கு 46 வயதில் மூக்கோரத்திலும் இமையருகிலும் மூன்று சிறு கட்டிகள் முளைத்தன. மிளகளவுதான், வெளிர் மஞ்சள் நிறம், வலி கிடையாது. பார்க்க நன்றாயில்லை என்று ஒரு கிளினிக்கில் சுட்டு எடுத்துக்கொண்டார். பத்து நிமிட வேலை. எதையும் திசுப் பரிசோதனைக்கு அனுப்பவில்லை. வீட்டில் யாருக்காவது புற்றுநோய் உண்டா என்று கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்போம்: அப்பா 48 வயதில் குடல் புற்றுநோயால் இறந்தார், அத்தைக்குக் கருப்பையில் வந்தது.

மூன்றாண்டு கழித்து அண்ணனுக்கும் குடலில் வந்துவிட்டது. அறுவை சிகிச்சை செய்த மருத்துவர்தான் அவர் கன்னத்தில் புதிதாக இருந்த கட்டியைக் கவனித்து, எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். தோலின் எண்ணெய்ச் சுரப்பியில் உண்டான கட்டி அது. இப்படித் தோல் கட்டியும் உள்ளுறுப்புப் புற்றும் ஒருவருக்கே வரும் நோயை முயர், டோரே என்ற இரு மருத்துவர்கள் 1967, 1968ஆம் ஆண்டுகளில் தனித்தனியே விவரித்ததால், அதற்கு அவர்கள் பெயரே வழங்குகிறது. லிஞ்ச் எனப்படும் பரம்பரைப் புற்றுநோய்க் குறைபாட்டின் ஒரு வடிவம் அந்த நோய். செல் பிரியும்போது டிஎன்ஏவில் விழும் பிழைகளைத் திருத்தும் மரபணு பழுதாகியிருக்கும், பெரும்பாலும் எம்எஸ்எச்2 என்ற மரபணு. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50 விழுக்காடு வாய்ப்பு உண்டு. சிலருக்கு உள்ளே புற்று தெரியும் முன்பே முகத்தில் கட்டி வந்துவிடுகிறது என்று மருத்துவர் சொன்னபோது அண்ணி தலையைக் குனிந்துகொண்டார்.

கழுத்திலும் அக்குளிலும் தொங்கும் சாதாரண மருவைப் பார்த்து யாரும் கலங்க வேண்டாம். முகத்தில் புதிதாக வரும் கட்டியை எடுத்தால் மட்டும், ‘இதைச் சோதனைக்கு அனுப்புகிறீர்களா?’ என்று கேளுங்கள். குடும்பத்தில் 50 வயதுக்குள் குடல் அல்லது கருப்பைப் புற்றுநோய் வந்திருந்தால் மருத்துவர் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள். இதைத் தோல் மருத்துவர் ஒருவரைக் கொண்டு உங்கள் பத்திரிகை விரிவாக எழுத வேண்டும்.

அண்ணன் மகளுக்கு இப்போது 25 வயது. அவளுக்கும் அந்தப் பழுது இருப்பது மரபணுச் சோதனையில் தெரிந்தது. குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பியை முதல்முறை செய்தபோதே, பாலிப் எனப்படும் ஒரு சதை வளர்ச்சியைக் கண்டு அகற்றினார்கள். அது புற்றாக மாறியிருக்கவில்லை. அன்று மாலையே வீட்டுக்கு வந்து தயிர்சாதம் சாப்பிட்டாள்.

— ஒரு வாசகி, மதுரை